ஹஸ்கி குட்டிக்கு வீட்டுப் பழக்கமும் ஓட்டமும்: எவ்வளவு நடை, எவ்வளவு உறக்கம்?

ரூஜ்கரை (ஸ்கார்பரோ, கனடா) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குச் சைபீரியன் ஹஸ்கி இனப் பெண் குட்டி ஒன்று வந்திருக்கிறது. அதற்கு மூன்று மாதம் முடியப் போகிறது. வீட்டில் நானும் கணவரும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவரும், என் அம்மாவும் இருக்கிறோம். சிறிய பின்வளவு உண்டு. தை மாதக் குளிரில் அது முழுவதும் பனி மூடிக் கிடக்கிறது.

எங்களுக்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. பின்வளவுக்குக் கூட்டிச் சென்றால் குட்டி பனியைத் தோண்டுகிறது, சருகைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, அணிலைப் பார்த்து நிற்கிறது. ஆனால் சிறுநீர் கழிப்பதில்லை. உள்ளே வந்து நாங்கள் காலணியைக் கழற்றி முடிப்பதற்குள் வரவேற்பறைக் கம்பளத்தில் போய்ச் சிறுநீர் கழித்துவிடுகிறது. அம்மா காலையும் மாலையும் விளக்கேற்றும் சாமியறை அந்த அறையை ஒட்டியே இருப்பதால் அவருக்கு இது பெரிய மனவருத்தமாகிவிட்டது.

மற்றது மாலை நேரத்து ஆட்டம். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்த பிறகு குட்டியை அடக்கவே முடிவதில்லை. குதிகாலைக் கடிக்கிறது, சோபாவைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, மெத்தையைத் தோண்டுகிறது. ஹஸ்கி என்றால் ஓடத்தான் வேண்டும், சைக்கிளோடு கட்டி ஓட்டுங்கள் என்று கணவரின் நண்பர் சொல்கிறார். குட்டியை விற்றவர் தந்த தாளிலோ வயது மாதம் ஒன்றுக்கு ஐந்து நிமிட நடை என்ற கணக்கைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. இரண்டும் எதிரெதிராக இருக்கின்றன. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

ஆல்ட்டாவாசி (ஆல்ட்டா, வட நோர்வே) எழுதியது:

வணக்கம் ரூஜ்கரை. நான் வாழும் ஊரில் 1981 முதல் ஃபின்மார்க்ஸ்லோப்பெட் என்னும் நாய்ச்சறுக்குவண்டிப் போட்டி நடந்து வருகிறது. அதன் நெடும்பிரிவு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். குளிர்காலங்களில் இங்குள்ள ஒரு நாய்ப்பண்ணையில் வேலை செய்து வருகிறேன். ஆகவே ஹஸ்கி குட்டிகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பளத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் குட்டி வெளியே போவதன் பொருளை இன்னும் அறியவில்லை. அதற்குப் பின்வளவு விளையாட்டுத் திடல். பனி, சருகு, அணில் என்று அங்கே கவனத்தை இழுக்கும் பொருள்கள் நிறைந்திருக்கின்றன. உள்ளே வந்ததும் அவையெல்லாம் மறைந்துவிடுவதால்தான் தன் வயிறு முட்டியிருப்பதே அதற்கு உறைக்கிறது. கம்பளத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். தாயோடு இருந்த வாரங்களில் தாள் அல்லது உறிஞ்சுவிரிப்பு மீது சிறுநீர் கழித்து வளர்ந்த குட்டி, காலுக்கு மெத்தென்று படுவதும் ஈரத்தை உறிஞ்சுவதுமான இடத்தையே கழிப்பிடமாகக் கருதும். வீட்டுக்குள் அந்த இலக்கணத்துக்கு மிக நெருங்கியது கம்பளம். குட்டியை விற்றவரிடம் அது எந்தத் தளத்தில் வளர்ந்தது என்று கேளுங்கள். விடை எதுவானாலும், சில மாதங்களுக்குக் கம்பளத்தைச் சுருட்டி மேலே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

அடுத்து, பின்வளவின் ஒரு மூலையில் பனியை வழித்துப் புல் தெரியும்படி ஒரு சிறு இடத்தை ஒதுக்குங்கள். வீட்டுக்குள் சிறுநீரைத் துடைத்த தாள் ஒன்றை அங்கே போட்டு வைத்தால் மணம் குட்டிக்கு வழிகாட்டும். வேலியிட்ட வளவாயினும் குட்டியை அவிழ்த்து விடாமல் குட்டைக் கயிற்றில் நேரே அந்த மூலைக்குக் கூட்டிச் சென்று, பேசாமல், விளையாட்டுக் காட்டாமல் நில்லுங்கள். நிற்பவருக்குக் குளிரும், கனத்த மேலங்கியை வாசலிலேயே தொங்கவிடுங்கள். குட்டி சிறுநீர் கழித்து முடித்த அந்தக் கணத்திலேயே, வீட்டுக்குள் வந்த பிறகன்று, சிறு இறைச்சித் துண்டு ஒன்றைக் கொடுத்துப் பாராட்டுங்கள்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. பலர் கவனிக்காதது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். காரியம் முடிந்ததும் குளிருக்கு அஞ்சி உடனே உள்ளே இழுத்து வராதீர்கள். சிறுநீர் கழித்தால் வெளியுலகம் முடிந்துவிடும் என்று குட்டி கற்றுக்கொண்டால், அது வேண்டுமென்றே அடக்கிக்கொண்டு சுற்றும். பனியை விரும்பும் இனத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே கழித்த பிறகுதான் கயிற்றை நீளமாக விட்டு விளையாட்டைத் தொடங்க வேண்டும். பனியில் புரளுவதே அதற்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு.

சில நிமிடங்கள் நின்றும் எதுவும் நடக்கவில்லை என்றால் உள்ளே வாருங்கள். ஆனால் குட்டியைத் தரையில் விட்டுவிடாதீர்கள். மடியில் வைத்திருங்கள், அல்லது கூண்டுக்குள் விடுங்கள், அல்லது கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தில் மீண்டும் அதே மூலைக்குப் போங்கள். உறங்கி விழித்ததும், உணவுக்குப் பின்னும், விளையாட்டின் நடுவிலும், இரவு படுக்கும் முன்னும் வெளியே கொண்டுபோக வேண்டும். வயது மாதத்தோடு ஒன்றைக் கூட்டி அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது அமைதியாகப் படுத்திருக்கும் குட்டிக்கான மேல்வரம்பு. துள்ளிக்கொண்டிருக்கும் மூன்று மாதக் குட்டிக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே போவதும் மிகையில்லை.

இனி மாலை நேரத்து ஆட்டம். நீங்கள் விவரித்ததைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதற்கேள்வி, குட்டி பகலில் எவ்வளவு உறங்குகிறது என்பதுதான். இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளில் பதினெட்டு முதல் இருபது மணி நேர உறக்கம் தேவை. பிள்ளைகளும் பாட்டியும் தொலைக்காட்சியும் உள்ள வீட்டில் அதற்கு அவ்வளவு உறக்கம் கிடைப்பது அரிது. உறக்கம் போதாத குட்டி சோர்ந்து படுக்காது. கடிக்கும், ஓடும், தோண்டும். பெரியவர்கள் அதை ஆற்றல் மிகுதி என்று எண்ணி மேலும் ஓட விடுவார்கள். அது மேலும் வெறிகொள்ளும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன் இரண்டு மணி நேரம் இருட்டான, அமைதியான இடத்தில் அதை உறங்க வையுங்கள். பிள்ளைகள் வந்து அதை எழுப்பக் கூடாது. ஒரு வாரம் இதை மட்டும் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சைக்கிள் வேண்டவே வேண்டாம். அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

மருந்தகத்தி (மிசிசாகா, கனடா) எழுதியது:

நான் ஒரு மிருக வைத்தியசாலையில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். மேலே சொன்ன பயிற்சி முறையோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆயினும் பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன் உடல்நலத்தைப் பார்க்க வேண்டும். குட்டி சிறிது சிறிதாக அடிக்கடி கழிக்கிறதா, கழிக்கும்போது முக்குகிறதா, பின்புறத்தை ஓயாமல் நக்குகிறதா, சிறுநீரில் செந்நிறம் தெரிகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஏதேனும் இருந்தால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம்; சிறுநீர் மாதிரியைக் கொண்டுபோய்ச் சோதியுங்கள்.

பெண் ஹஸ்கி என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் சேராமல் பிறழ்ந்து, பைக்குக் கீழே திறக்கும் பிறவிக் குறைபாடு ஒன்று உண்டு. அது ஆண் குட்டிகளை விடப் பெண் குட்டிகளில் அதிகமாகக் கண்டறியப்படுகிறது. அதற்கு ஆளாகும் இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கியும் இருக்கிறது. உறங்கும்போதே படுக்கை நனைந்தாலோ, நடக்கும்போது தன்னையறியாமல் சொட்டினாலோ அது பழக்கக் குறைவு அன்று; எத்தனை மாதம் பயிற்சி தந்தாலும் தீராது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் குட்டி தானே இடம் பார்த்துப் போய்க் கழிப்பதால் அந்த அச்சத்துக்கு இடமில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது வைத்தியரிடம் சொல்லி வையுங்கள்.

கம்பளத்தைச் சுத்தம் செய்ய அமோனியா கலந்த திரவத்தைப் பயன்படுத்தாதீர்கள். அதன் மணம் சிறுநீரின் மணத்தை ஒத்திருப்பதால் குட்டி அதே இடத்துக்குத் திரும்பி வரும். பிளீச்சும் வேண்டாம், அது சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சை எரிக்கும் வாயு கிளம்பும். செல்லப் பிராணிக் கடைகளில் நொதி கலந்த திரவம் என்று கேட்டு வாங்கி, போத்தலில் குறித்துள்ள நேரம் வரை ஊற வைத்து, பிறகு ஒற்றி எடுங்கள். அவசரமாகத் துடைத்தால் நமக்கு மணம் போய்விடும், குட்டிக்குப் போகாது.

தடுப்பூசித் தொடர் முடியும் வரை நாய்கள் கூடும் பூங்காக்களுக்குக் கொண்டுபோக வேண்டாம். குட்டிகளுக்குக் கொடிய வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காக வீட்டிலேயே பூட்டியும் வைக்காதீர்கள். புதிய மனிதர்களையும் ஒலிகளையும் குட்டியின் மனம் எளிதில் ஏற்கும் பருவம் ஏறக்குறைய மூன்றரை மாதத்தோடு முடிந்துவிடுகிறது. கையில் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், கடைத்தெரு என்று காட்டி வாருங்கள்.

மலைச்சாரல் (கல்கரி, கனடா) எழுதியது:

ஆல்ட்டாவாசி எழுதியவற்றில் பெரும்பகுதியை மதிக்கிறேன். ஆனால் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. என்னிடம் நான்கு வயது ஹஸ்கி இருக்கிறது. ஒரு நாள் ஓடாவிட்டால் மறுநாள் கதவு நிலையைச் சுரண்டுகிறது, தெருவே கேட்க ஊளையிடுகிறது. இந்த இனத்தைச் சுக்சி மக்கள் சைபீரியாவின் வடகிழக்கு முனையில் இலேசான சுமையோடு நெடுந்தூரம் ஓடுவதற்காகவே வளர்த்தெடுத்தார்கள். 1925 இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, நெனானாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மருந்தைத் தொடர் ஓட்டமாகச் சுமந்துசென்ற வண்டிகளை இழுத்தவை இத்தகைய நாய்கள்தாம். அவற்றில் மிகக் கடினமான பகுதியைக் கடந்த தோகோ என்னும் நாய்க்கு அப்போது பன்னிரண்டு வயது ஆகியிருந்தது. அப்படிப்பட்ட இரத்தத்தை உறங்க வையுங்கள் என்று சொல்வதைக் கேட்டு, உடற்பயிற்சி தர மனமில்லாதவர்கள் அதையே சாக்காக்கிக்கொள்வார்கள் என்று அஞ்சுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் காப்பகங்களுக்கு வந்து சேரும் ஹஸ்கிகளில் பல அப்படி ஓட இடமின்றி வளர்ந்தவையே.

ஆல்ட்டாவாசி எழுதியது:

மலைச்சாரல் அவர்களே, உங்கள் அச்சம் நியாயமானது. உங்கள் நான்கு வயது நாய்க்கு நீங்கள் செய்வது சரியானதும்கூட. ஆனால் நாம் பேசுவது மூன்று மாதக் குட்டியைப் பற்றி. நீங்கள் குறிப்பிட்ட தோகோ பன்னிரண்டு வயதில் அந்தப் பாதையைக் கடந்தது என்பதையே நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். முதுமை வரை கெடாத மூட்டுகள் இருந்தால்தான் ஒரு நாய் அந்த வயதில் அப்படி ஓட முடியும். அந்த மூட்டுகளைக் காப்பது குட்டிப் பருவத்தில் நம் கையில் இருக்கிறது.

குட்டியின் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் மென்மையான குருத்தெலும்பாக இருக்கின்றன. ஹஸ்கி அளவுள்ள நாயில் அவை முழுவதும் இறுக ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். சைக்கிளோடு கட்டப்பட்ட குட்டி, தான் விரும்பும் வேகத்தில் ஓடுவதில்லை, விரும்பும்போது நிற்பதுமில்லை. கடினமான சாலையில் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்கிறது. ஹஸ்கியிடம் வேறோர் ஆபத்தும் உண்டு. களைத்தாலும் காட்டிக்கொள்ளாமல் ஓடும் குணம் இந்த இனத்துக்கு இருக்கிறது. குட்டி ஓடுகிறதே என்பதை அதன் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுபுறம், மாதத்துக்கு ஐந்து நிமிடம் என்ற கணக்கையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. அது அளந்து கண்ட எல்லையன்று, வழக்கில் வந்த எச்சரிக்கை. நோர்வேயின் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடோர், லியோன்பெர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் ஆகிய நான்கு பெரிய இனங்களின் குட்டிகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து, 2012 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் நாள்தோறும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளில் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகமாகவும், அதே பருவத்தில் வெளியே கயிறின்றித் தாமாக ஓடியாடிய குட்டிகளில் குறைவாகவும் இருந்தது. ஹஸ்கி அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் எங்கள் பண்ணை வழக்கம் அதோடு ஒத்துப்போகிறது. இங்கே குட்டிகளை ஒரு மூத்த பெண் நாயோடு காட்டுக்குள் விட்டு நாங்கள் பின்னால் மெதுவாக நடப்போம். அவை ஓடும், விழும், குச்சியைக் கடிக்கும், படுத்துவிடும், மீண்டும் எழும். எப்போது நிற்பது என்பதை அவையே முடிவு செய்கின்றன. கயிற்றில் கட்டிய நடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நிமிடக் கணக்கை விட முக்கியமானது.

ரூஜ்கரை, உங்கள் நகரில் பொது இடங்களில் இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் நாயைப் பிடித்திருக்க வேண்டும் என்பதை அறிவேன். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் கயிறு கட்டாயம். அதனால் தாமாக ஓடும் ஓட்டத்தை உங்கள் பின்வளவில் நீள்கயிற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். வெளி நடையைக் குட்டியின் வேகத்துக்கு விடுங்கள். ஒரு மரத்தடியை அது நெடுநேரம் முகர விரும்பினால் நின்று காத்திருங்கள். மூக்கால் செய்யும் வேலை குட்டியை நன்றாகக் களைக்க வைக்கும். அதன் உணவில் ஒரு பகுதியைத் தட்டில் போடாமல் பின்வளவுப் பனியில் தூவிவிட்டுத் தேட விடுங்கள். அல்லது பழைய துவாயில் சுருட்டிக் கொடுங்கள். பிள்ளைகள் ஒளிந்துகொண்டு பெயர் சொல்லி அழைக்க, குட்டி தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இன்னும் நல்லது. அழைத்தால் வரும் பழக்கமும் அதிலேயே வந்துவிடும். பின்னாளில் வேலி திறந்து கிடக்கும் ஒரு நாளில் அதன் உயிரைக் காக்கக்கூடியது அந்தப் பழக்கம்.

இதையெல்லாம் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஹஸ்கியை ஓட வைத்துக் களைப்படையச் செய்துவிடலாம் என்ற எண்ணமே தவறான அடித்தளம். நெடும்போட்டியில் ஓடும் வண்டி நாய் ஒரு நாளில் பத்தாயிரம் கிலோகலோரிக்கும் மேல் உண்கிறது. முதல் ஓரிரு நாள் ஓட்டத்தில் அதன் தசைகளில் குறையும் மாச்சத்துச் சேமிப்பு, ஓட்டம் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே மீண்டும் நிரம்பத் தொடங்குவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இத்தகைய உடலை நாள்தோறும் மேலும் மேலும் ஓட்டினால், அது களைப்பதற்குப் பதிலாக மேலும் வலுப்பெறும். ஒரு மணி நேரம் ஓடி அடங்கிய நாய்க்கு அடுத்த ஆண்டு இரண்டு மணி நேரம் தேவைப்படும். எங்கள் பண்ணையின் சிறந்த நாய்களை வண்டியிலிருந்து அவிழ்த்ததும் சென்று படுத்துவிடுகின்றன. அது களைப்பால் மட்டும் வருவதன்று. ஓட்டத்துக்கு ஒரு வேளை, ஓய்வுக்கு ஒரு வேளை என்று குட்டியிலிருந்தே பழகியிருப்பதால் வருவது. ஒரு குட்டிக்கு நாம் கற்றுத்தர வேண்டியவற்றுள் ஓய்வெடுப்பதும் ஒன்று. அதற்கும் இறைச்சித் துண்டு கொடுங்கள்: தன் விரிப்பில் தானாகப் போய்ப் படுத்திருக்கும்போது, சத்தமின்றி, அதன் முன்கால்களுக்கு இடையே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ரூஜ்கரை எழுதியது:

விரிவான மறுமொழிகளுக்கு எல்லோருக்கும் நன்றி. கம்பளத்தைச் சுருட்டிவிட்டோம். விற்றவரிடம் கேட்டதில் குட்டிகள் உறிஞ்சுவிரிப்பில்தான் வளர்ந்தன என்று தெரிந்தது. பிற்பகல் உறக்கத்தால் மாலை நேரத்தில் நல்ல மாற்றம் தெரிகிறது. குதிகால் கடி முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் பிள்ளைகள் இப்போது அழுவதில்லை.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு நாய் வளவிலேயே படுத்து வளவிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும். பழக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. அதனால் அம்மாவுக்கு இந்தக் கூண்டும் காத்திருப்பும் விளங்கவில்லை. அசுத்தம் செய்த இடத்தில் மூக்கைத் தேய்த்து ஓர் அடி வைத்தால் திருந்திவிடும் என்கிறார். மற்றது, இரவில் கூண்டில் விட்டால் ஊளையிடுகிறது. எங்கள் வீடு இருபுறமும் சுவர் ஒட்டிய வீடு. பக்கத்து வீட்டார் இதுவரை பொறுமையாக இருக்கிறார்கள்.

மருந்தகத்தி எழுதியது:

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். குட்டிக்குத் தான் கழித்த சிறுநீரும் பிறகு விழும் அடியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று தெரியாது. நாம் வரும்போது அது காதை மடக்கிக் குறுகி நிற்பதைக் குற்ற உணர்வு என்று நினைக்கிறோம். நம் குரலையும் முகத்தையும் கண்டு அஞ்சி நிற்கிறது, அவ்வளவுதான். செயலின் நடுவிலேயே பிடித்து அடித்தால் விளைவு இன்னும் மோசம். மனிதர் கண் முன்னால் கழிப்பது ஆபத்து என்று கற்றுக்கொள்ளும். பிறகு பின்வளவில் நீங்கள் அருகே நிற்கும்போது அது கழிக்கவே கழிக்காது. சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து கழிக்கும். நடுவில் பார்த்துவிட்டால் கையைத் தட்டி நிறுத்தி, அமைதியாகத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். மிச்சத்தை அங்கே முடித்தால் பாராட்டுங்கள். சாமியறைப் பக்கம் குட்டி போகாதபடி குழந்தைத் தடுப்புக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டால் அம்மாவின் கவலையும் பாதி தீரும்.

ஆல்ட்டாவாசி எழுதியது:

இரவைப் பற்றி. ஹஸ்கி தனிமையைத் தாங்கும் இனமன்று. தலைமுறை தலைமுறையாகக் கூட்டத்தில் உறங்கி வந்தது. பிறந்தது முதல் உடன்பிறப்புகளின் உடற்சூட்டில் உறங்கிய குட்டியைக் கீழ்த்தளத்தில் தனியே அடைத்துவிட்டு ஊளையிடாதே என்பது நடவாத காரியம். கூண்டை உங்கள் படுக்கையறைக்கே கொண்டுவாருங்கள், உங்கள் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். சில வாரங்கள் கழித்து இரவுக்குச் சில அடி என்று நகர்த்தி, நீங்கள் விரும்பும் இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

கூண்டின் அளவையும் பாருங்கள். குட்டி நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் போதுமானதாக இருந்தால் போதும். வளர்ந்த நாய்க்கென்று வாங்கிய பெரிய கூண்டானால் நடுவே தடுப்புப் பலகை வைத்துச் சுருக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு மூலையைக் கழிப்பிடமாக்கிக்கொண்டு மறு மூலையில் உறங்கும். பகலில் அதன் உணவைக் கதவு திறந்த கூண்டுக்குள் வைத்துப் பழக்குங்கள். தண்டனையாக ஒருபோதும் அதற்குள் அடைக்காதீர்கள்.

நள்ளிரவில் ஒரு முறையேனும் வெளியே போக வேண்டியிருக்கும். விளக்கைப் போடாமல், பேசாமல், மூலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து படுக்க வையுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் விளையாட்டுப் பரிசு வேண்டாம், இறைச்சித் துண்டு போதும். இரவில் சிறுநீர் கழிப்பதைக் குறைக்க என்று பகலில் தண்ணீரை மறைத்து வைக்காதீர்கள். அது குட்டிக்குத் தீங்கு.

சிறுவாணி (கோயம்புத்தூர்) எழுதியது:

இந்த இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். எங்கள் வீட்டிலும் ஆறு மாத ஹஸ்கி இருக்கிறது. உறவினர் ஒருவர் வெளிநாடு போனதால் எங்களிடம் வந்தது. தமிழ்நாடு அரசு 2024 இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை என்று இனப்பெருக்கம் தடை செய்யப்பட்ட இனங்களில் சைபீரியன் ஹஸ்கியும் இருந்ததை அறிவேன். அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் வந்துவிட்ட உயிரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பங்குனி வெயிலில் இதற்கு எப்படி உடற்பயிற்சி தருவது? முடியை மழித்துவிடலாமா?

மருந்தகத்தி எழுதியது:

மழிக்காதீர்கள். ஹஸ்கியின் உடலில் இரண்டு அடுக்கு முடி இருக்கிறது. மேலடுக்கு வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. மழித்தால் அது சீராகத் திரும்ப வளராமலும் போகலாம். உதிரும் அடிமுடியை நாள்தோறும் சீவி எடுங்கள், காற்று உள்ளே போகும்.

உடற்பயிற்சியைச் சூரியன் எழுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மாலையில் வெயில் இறங்கினாலும் தார்ச்சாலை சூட்டை வைத்திருக்கும். புறங்கையை ஏழெட்டு நொடி சாலையில் வைக்க முடியவில்லையென்றால் நாயை அதில் நடத்தாதீர்கள். பகலில் குளிர்சாதன அறையில் மூக்கு விளையாட்டு மட்டும் போதும். மூச்சிரைப்பு அடங்காமல் எச்சில் ஒழுகினாலோ, ஈறு கடுஞ்சிவப்பானாலோ, நடை தள்ளாடினாலோ உடனே தண்ணீரால் உடலை நனைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்து, அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41 ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆல்ட்டாவாசியும் இதைச் சொல்வார் என்று நினைக்கிறேன்: குளிர்நாடுகளில்கூட வண்டி ஓட்டுவோர் கோடையில் கடும்பயிற்சி தருவதில்லை.

ஆல்ட்டாவாசி எழுதியது:

ஆம். இங்கே கோடை முழுவதும் நாய்களுக்கு ஓய்வுதான். இலையுதிர் காலத்தில் காலை வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே சக்கர வண்டியில் பூட்டி மெதுவாகத் தொடங்குவோம். துருவ வட்டத்துக்கு வடக்கே உள்ள எங்களுக்கே இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுகிறது என்றால் கோயம்புத்தூருக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள்.

ரூஜ்கரை எழுதியது:

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். குட்டி இப்போது பின்கதவருகே போய் உட்கார்ந்து எங்களைத் திரும்பிப் பார்க்கிறது. கதவில் கட்டிய மணியை மூக்கால் தட்டவும் மூத்த மகள் பழக்கியிருக்கிறாள். உள்ளே அசுத்தம் செய்வது மிகவும் அருகிவிட்டது. விருந்தினர் வரும்போது மட்டும் துள்ளலில் சில துளிகள் விட்டுவிடுகிறது. அதைப் பொருட்படுத்தாமல் விருந்தினரை முதலில் பின்வளவில் வைத்தே சந்திக்க வைக்குமாறு மருந்தகத்தி தனிமடலில் சொன்னார், அப்படியே செய்கிறோம். அம்மாதான் இப்போது பிற்பகல் உறக்கத்துக்குக் காவல். தொலைபேசியைக்கூடச் சத்தமில்லாமல் வைத்துவிடுகிறார்.

ஒரு கேள்வி மட்டும். அடுத்த குளிர்காலத்தில் பிள்ளைகள் பனிச்சறுக்குக் கட்டைகளில் நிற்க, குட்டி இழுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அதை எப்போது தொடங்கலாம்? இப்போதே ஏதாவது பழக்க முடியுமா?

ஆல்ட்டாவாசி எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஓராண்டு நிறையும் வரை எந்தச் சுமையும் வேண்டாம். அந்த நேரத்தில் வைத்தியரிடம் இடுப்பு மூட்டுகளைக் காட்டி, அவர் சரி என்றால் தட்டையான நிலத்தில், மெல்லிய பனியில், சில நூறு மீட்டர் மட்டும் தொடங்குங்கள். முதலில் கட்டைகளில் நிற்க வேண்டியவர் பிள்ளைகள் அல்லர். விழுந்தாலும் கயிற்றை விடாத பெரியவர் ஒருவர். நெடுந்தூரமும் வேகமும் ஒன்றரை வயதுக்குப் பிறகு.

இப்போதே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நடையின்போது வலப்புறம் திரும்புவதற்கு ஒரு சொல், இடப்புறத்துக்கு ஒரு சொல், நிற்பதற்கு ஒரு சொல் என்று தேர்ந்தெடுத்து, திரும்பும் கணத்தில் சொல்லிக்கொண்டே போங்கள். அலாஸ்காவில் ஜீ, ஹா என்பார்கள். நீங்கள் வலம், இடம் என்று சொன்னாலும் நாய்க்கு ஒன்றுதான். வீட்டிலுள்ள ஐவரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டியிருக்கும்போது இழுக்கக் கூடாது, இழுவைக்கான மார்புப்பட்டை அணிந்தால் இழுக்கலாம் என்ற வேறுபாட்டையும் இப்போதிருந்தே காக்க வேண்டும். ஆகவே அன்றாட நடைக்கு முன்புறம் கொக்கி உள்ள பட்டையையும், பிற்காலத்தில் இழுப்பதற்கு வேறொரு பட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள். பின்வளவு வேலியின் அடியைக் கம்பிவலை புதைத்து இப்போதே பலப்படுத்துங்கள். பனி உருகி மண் இளகியதும் தோண்டத் தொடங்கிவிடும்.

இழுவைப் பட்டையை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள், வளர்ந்துகொண்டே இருப்பாள். வாங்கும் வேளை வரும்போது கழுத்தின் சுற்றளவு, முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவு, கழுத்தடியிலிருந்து வாலடி வரையான நீளம், எடை ஆகிய நான்கையும் அளந்து இங்கே எழுதுங்கள். எந்த வடிவம் பொருந்தும் என்று சொல்கிறேன்.